மூடாமல் விட்ட விதைத்தட்டு

செப்டம்பர் 4

அத்தான் வாசலிலேயே நின்று ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா அனுப்பிய பான்சிப் பூ விதை. கூடவே கைக்குட்டையில் கால்வாசி அளவுக்கு மெல்லிய துணி, கொஞ்சம் நூல். எதற்கு? விதைக்குக் காயமா?

"புது வீட்ல ஒரு தொட்டி வைக்கக்கூட இடமில்ல மாப்ள. நீ போட்டு வளர்ப்பேன்னு சொன்னா."

ஆறு வருடமாக ஒரு பேச்சு இல்லை. அப்பா இறந்ததை மறுநாள் காலையில் எனக்குச் சொன்னவள், இப்போது பூ வளர்க்கச் சொல்கிறாள். உறையை, துணியோடு, இந்த நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் செருகியிருக்கிறேன். ஆதாரம். நான் எதைத் தொலைத்தாலும் கோபத்தை மட்டும் தொலைக்கமாட்டேன் என்று மகள் கேலி செய்வாள்.

செப்டம்பர் 5

தட்டில் மண் நிரப்பி, விதையைத் தூவி, சமையலறை ஜன்னலில் வைத்தேன். நல்ல வெயில் விழும் இடம். பான்சி இருட்டில்தான் ஒழுங்காக முளைக்கும். குளிர்ந்த இடத்தில் அட்டை போட்டு மூட வேண்டும். தெரியும். மூடவில்லை. நேரமில்லை.

செப்டம்பர் 14

ஒன்றும் இல்லை. மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். சுடுகிறது.

செப்டம்பர் 24

அத்தான் போனில் விசாரித்தார். விதை சொத்தை, ஒன்றுகூட முளைக்கவில்லை என்றேன். குரல் பிசிறவே இல்லை. பொய் எனக்கு நன்றாகத்தான் வருகிறது.

செப்டம்பர் 25

அத்தான் மறுபடி அழைத்தார். அக்கா சரியாகச் சாப்பிடவில்லையாம். தான்தான் விதையைச் சரியாகக் காயவைக்கவில்லை என்று புலம்புகிறாளாம்.

"உங்கப்பா வளர்த்த கறுப்பு ஊதா இருந்துச்சுல்ல மாப்ள, அதோட விதை. வருஷா வருஷம் எடுத்து வச்சுக் காப்பாத்தினா. மொத்தத்தையும் உங்கிட்டதான் குடுத்துவிட்டா."

மொத்தத்தையும்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை? சொல்லியிருந்தால் மூடியிருப்பேனா? மூடியிருப்பேன் — அப்பாவுக்காக. அவளுக்காக இல்லை. அதுதான் அசிங்கம். நேரமில்லை என்று எழுதியிருக்கிறேன். ஓர் அட்டையை எடுத்து மேலே போட எவ்வளவு நேரம் ஆகும்? ஊருக்குச் சொன்ன பொய் போகட்டும். இந்த நாட்குறிப்புல யார்கிட்டடா பொய் எழுதுற? தெரிஞ்சேதான் பண்ணின.

செப்டம்பர் 26

ஆதாரமாக வைத்த உறையை எடுத்து உதறினேன். அடி மடிப்பில் நாலு விதை ஒட்டிக்கொண்டிருந்தது. சிறு குவளை மண்ணில் போட்டு, பழைய கோப்பு அட்டையால் மூடி, படிக்கட்டுக்குக் கீழே வைத்தேன். அங்கேதான் வீட்டிலேயே குளிர்ச்சி.

அக்டோபர் 9

ஒன்று.

அக்டோபர் 20

அந்த ஒன்றுதான். மற்ற மூன்றும் வரவில்லை. அலுவலகத்தில் இரண்டு முறை கூட்டலில் தப்பு செய்தேன். மேலாளர் கத்தினார். முதல் தடவையாக எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

ஜனவரி 6

பூத்துவிட்டது. கறுப்பு ஊதா, நடுவில் மஞ்சள். அப்பா இதை 'முறைக்கிற பூ' என்பார். காலையிலிருந்து என்னைத்தான் முறைக்கிறது.

அக்காவை அழைத்தேன். "விதை சொத்தை இல்லக்கா. நான்தான் மூடல. வேணும்னேதான்."

"எத்தனை பூ?" என்றாள்.

"ஒண்ணு."

"பறிச்சிடாத," என்று சொல்லி வைத்துவிட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நான் ஆறு வருடத்தில் சொன்னேனா?

பிப்ரவரி 10

கவிழ்ந்திருந்த காய் தலை தூக்கிவிட்டது. இனி எந்த நேரமும் வெடித்து விதையைச் சிதறடிக்கும். அதன்மேல் ஏதாவது கட்ட வேண்டுமே என்று வீடெல்லாம் துழாவியபோதுதான் அந்தத் துணி ஞாபகம் வந்தது. துணியும் நூலும். செப்டம்பரிலேயே, விதையோடு சேர்த்து அனுப்பியிருக்கிறாள்.

கட்டினேன். மூன்றாவது முடிச்சுதான் நின்றது. அக்காவை அழைத்துச் சொன்னேன்.

"நீயா அவுத்துடாத. உன்ன நம்பி விட முடியாது. ஞாயித்துக்கிழம நானே வர்றேன்."

வருகிறாளாம்.