கிணற்றுத் தண்ணீர் குடித்த லாரி

என்னை அதட்டாமல் ஒருநாளும் விட்டிராத என் அன்பு அண்ணா,

உன் லாரி பள்ளுருத்தி ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் ஹெட்டைக் கழற்றிப் போட்டபடி நிற்கிறது. நாளைக் காலை இன்ஜின் பிளாக்கைச் சோதிக்கப் போகிறார்கள். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

போன மாதமே இன்ஜின் சூடு காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கிவிட்டது. பாலக்காட்டில் அரிசி ஏற்றி மட்டாஞ்சேரி வருவதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். எங்கேயும் ஒழுகல் இல்லை. அப்படியானால் ஊற்றியதெல்லாம் எங்கே போகிறது என்று யோசித்தேனா? வெயில்தான் காரணம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பயந்தவன் புத்தி அப்படித்தான் போகும்.

சைலன்சரில் வெள்ளைப் புகை வந்ததும் மெக்கானிக் வர்கீஸ் சேட்டனிடம் கொண்டுபோனேன். ஆயில் பார்க்கும் கம்பியை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நோக்கடா மணி, இது ஆயிலா, பால் சாயாவா? தண்ணி உள்ளே இறங்கியாச்சு. இனி ஸ்டார்ட் பண்ணாதே, பேரிங் எல்லாம் போயிடும். எந்தத் தண்ணி ஊத்திட்டிருந்தே?"

"அரிசி குடோன் பின்னாடி கிணத்துத் தண்ணிதான் சேட்டா, கேன்ல பிடிச்சு வெச்சுக்குவேன்."

"மட்டாஞ்சேரிக் கிணத்துத் தண்ணியா? கடல் பக்கத்துக் கிணறு, உப்புத் தண்ணியாச்சே! உன் அண்ணன் பாலக்காட்டிலேர்ந்து கேன்ல கொண்டு வந்து, துருப்பிடிக்காம இருக்க கூலண்ட் கலந்து ஊத்துவானே, நீ கண்டதில்லையா?"

கண்டேன் அண்ணா. ஒவ்வொரு டிரிப்பிலும் நீ நான்கு கேன் சுமந்து வந்ததைப் பார்த்து, பிறந்த ஊர்த் தண்ணீர்ப் பெருமை என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் கேட்டிருக்கக் கூடாதா?

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே தண்ணீரைத் தடுக்கும் கேஸ்கட்டை உப்பு அரித்திருக்கிறது. அதை மாற்றிவிடலாம். பிளாக்கிலேயே கீறல் விழுந்திருந்தால் வண்டி இரும்புக் கடைக்குத்தான். நம் இரண்டு வீட்டுக்கும் சோறு போடுவது அது ஒன்றுதானே.

இன்று மதியம்தான் அண்ணியிடம் சொன்னேன். திட்டித் தீர்ப்பார் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு மாசமா தெரிஞ்சும் ஒண்ணுமில்லன்னுட்டே ஓட்டினியா? உன் அண்ணனும் கடைசி நாள் வரைக்கும் நெஞ்சைத் தடவிட்டு, வாயு, வேற ஒண்ணுமில்லன்னுதான் சொல்லிட்டிருந்தார். லாரி போனா போகட்டும் மணி. நீ இப்படி மறைக்கிறியே, அதுதான் எனக்குப் பயம்."

அப்போதுதான் இன்னொன்றையும் சொன்னேன். உனக்கும் இதுவரை எழுதவில்லை. பத்து நாளாகப் படி ஏறினால் எனக்கு இடது தோள் வலிக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. அண்ணி அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார். வரும்வரை நான் எழுந்து நடக்கக் கூடாதாம்.

அந்த இடைவெளியில்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் ஒர்க்‌ஷாப். டாக்டர் கேட்டால் ஒன்றையும் மறைக்க மாட்டேன் அண்ணா, சத்தியம். ஆட்டோ வந்துவிட்டது.

உனக்குப் பின்னாலேயே வந்துவிட மனமில்லாத உன் தம்பி,
மணி