மிதக்கிற ரேடியோ

மிதுனா,

நான் வேலைக்கு வெளிக்கிட்டிட்டன். கயாக் படகை எடுக்கமுன்னம் இதை வாசி.

மேசையிலை சார்ஜிலை இருக்கிறது கடல் ரேடியோ. கடையிலை ரெண்டு காட்டினவை. மற்றது சின்னன், வடிவானது, ஆனால் தண்ணிக்குள்ளை விழுந்தால் தாண்டுபோகுமாம். இது மிதக்கும். ஈரக் கையுறையோடையும் பட்டனை அமத்தலாம். பதினாறாம் சானலிலை கூப்பிட்டால் கரைக்காவல்காரருக்குக் கேக்கும். லைஃப் ஜாக்கெட்டிலையே கொழுவு, கயாக்கிலை வையாதை.

"போன் காணும் அப்பா" எண்டு நேற்றும் சண்டை பிடிச்சனி. போன சனிக்கிழமை கயாக் கவிண்டு, அந்தப் போனும் தாண்டு, நாப்பது நிமிசம் குளிர்த் தண்ணியிலை கயாக்கைப் பிடிச்சுத் தொங்கினனி. ஒரு படகுக்காரன் தற்செயலாத் திரும்பிப் பாத்ததாலை நீ உயிரோடை இருக்கிறாய். அந்த நாளிலை இருந்து எனக்கு நித்திரை இல்லை.

கயாக்கை வெட்டி எறிவன் எண்டு நான் கத்தினது பிழை. அம்மா செத்தபிறகு நீ சிரிச்சு வீட்டுக்கு வந்தது கயாக்கிலை போய் மீன் பிடிச்ச நாளுகளிலைதான். அது எனக்குத் தெரியும்.

சோறும் றால் கறியும் பிரிட்ஜிலை இருக்கு.

அப்பா

பிறகு நினைச்சது: நாலு மணிக்கு வேலை முடியும். அதுவரைக்கும் பொறு, உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். எனக்கு நீந்தத் தெரியாது. நீ போய் வருமட்டும் கரையிலையாவது வந்து நிக்கிறன்.