அருளம்மாளின் குழிமேல் சிமெண்டு

2025 செப்டம்பர் 9, செவ்வாய்

சிமெண்டு ஆலையில் இரண்டாவது சூளை வைக்கப் போகிறார்களாம். இன்று அதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். எழுந்து பேசினேன். சூளையில் எரிகிற நிலக்கரி விடும் கரியமில வாயு ஒரு பங்குதான். அதைவிடப் பெரிய பங்கு சுண்ணாம்புக்கல்லுக்குள்ளேயே இருக்கிறது, சுட்டால் கல்லே அதை விடும், கரிக்குப் பதில் எதை எரித்தாலும் அது நிற்காது என்றேன். நாம் சிமெண்டு கேட்கக் கேட்கத்தான் சூளை பெருகுகிறது என்றும் சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து கொத்தனார் பிச்சை, “அய்யா, ஒங்க மாடி எதுல நிக்கிது? வெல்லப்பாகுலயா?” என்றான். பந்தலே சிரித்தது.

இனி என் வீட்டுக் காரியத்துக்கு ஒரு சட்டி சிமெண்டு குழைக்க மாட்டேன் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான்.

செப்டம்பர் 10

மகன் ஜெரால்டு அந்த ஆலையில்தான் வேலை பார்க்கிறான். என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூசை முடிந்ததும் பங்குப் பேரவைச் செயலாளர் ஜெபக்குமார் அறிவித்தார். கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்குள் கட்டாத மண்குழிகளை அடுத்த சாவுக்குத் தோண்டுவார்களாம்.

என் மனைவி அருளம்மாள் மேல் மண்தான் கிடக்கிறது. கட்டுவோம், கட்டுவோம் என்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டேன். இப்போது பார்த்தா இந்தச் சபதம்?

அக்டோபர் 4

சுண்ணாம்பில் கட்டலாமென்று நினைத்தேன். நூலகத்தில் புரட்டினால் அதுவும் அதே கல்லைச் சுட்டதுதான். விட்ட வாயுவில் கொஞ்சத்தை மெல்லத் திரும்ப இழுத்துக்கொள்ளுமாம். சுட எரித்த கரியின் புகையை எது இழுக்கும்?

அக்டோபர் 11

கருங்கல் பலகைகள் வாங்கி, கலவையில்லாமல் அவள் குழிமேல் பரப்பினேன். பலகை டீசல் லாரியில்தான் வந்தது. அதை எழுதாமல் விடுவது பொய்.

ஜெபக்குமார் வந்து பார்த்தார். “கட்டடம்னா கட்டடமா இருக்கணுங்க. மழையில சரிஞ்சு பக்கத்துக் குழியில விழுந்தா யாரு பொறுப்பு?”

சரியாது என்றேன்.

அக்டோபர் 22

சரிந்துவிட்டது. மூன்று நாள் மழை. நெஞ்சுப்பக்கம் மண் உள்வாங்கித் தண்ணீர் நிற்கிறது. கையால் இறைத்தேன். இறைக்க இறைக்க ஊறுது. என்னத்தடி செய்யச் சொல்ற என்னைய?

அக்டோபர் 24

இரண்டாவது சூளைக்கு அனுமதி வந்துவிட்டதாம். ஜெரால்டுதான் சொன்னான். ஒன்றரை மாதம் கழித்து அவன் பேசிய பேச்சு இது.

“நீங்க ஒருத்தரு வேணாம்னா ஒலகத்துல மூட்டை கொறஞ்சிருமாப்பா?”

குறையாது. பாலம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மருமகள் ஃபெமினா மாடியில் கேட்கிற கழிப்பறை — எதை வேண்டாமென்பேன்? அதற்காக நான் சொன்னது பொய்யாகிவிடுமா?

அக்டோபர் 27

ஊரில் இறந்த ஒரு பாட்டியை அடக்கம் செய்ய, வாரிசு இல்லாத பழைய குழியொன்றைத் தோண்டினார்கள். அருளம்மாளுக்கு அடுத்த வரிசை. எலும்புகளைச் சாக்கில் கட்டி ஓரமாக வைத்தார்கள். யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 29

ஜெரால்டு பிச்சையை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். இன்று பிச்சை சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

“நீங்க கொழைக்க மாட்டேன்னுதானங்கய்யா சொன்னீங்க. நான் கொழைச்சுக்கிறேன்.”

அந்தத் தந்திரமெல்லாம் என்னிடம் வேண்டாமென்றேன். சரியென்றும் சொல்லவில்லை, கட்டாதே என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 31

கட்டுகிறார்கள். நான் போகவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே வந்தார். அருளம்மாளிடமும் நின்றார். மெழுகுவர்த்தியை மண்ணில் ஊன்றினேன். புது சிமெண்டு மேடையைத் தொடவில்லை.

“அத்தைக்கு நல்லா அமைஞ்சிருக்கு மாமா,” என்றாள் ஃபெமினா.

நவம்பர் 4

மழை விட்டுச் சுள்ளென்று வெயில். காயவிட்டால் வெடித்துப்போகும், காலையும் மாலையும் தண்ணீர் விடணும் என்று பிச்சை சொல்லிப் போயிருக்கிறான். ஜெரால்டுக்குப் பகல் ஷிப்டு. ஃபெமினா பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விட்டாள்.

குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஊற்ற ஊற்றச் சிமெண்டு இழுத்துக்கொண்டே இருந்தது.

மாலையும் போகணும்.