பனி நிச்சயமாக உள்ள ஊர்

என் சிட்டுக்குட்டி மிர்வாவுக்கு, அம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளை எத்வால்தோவும் அந்த பிரேசில் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும். இங்கே ராவ்மாவில் மழை, மழை, மழைதான், கிறிஸ்துமஸுக்கும் இப்படித்தானாம். மாப்பிள்ளை பனியைப் பார்த்ததே இல்லை, பனி நிச்சயமாக இருக்கிற ஊராகப் பாரம்மா என்று நீ சொன்னாயே, வடக்கே லாப்லாந்தில் ஒவ்வோர் ஊராகப் போன் போட்டுக் கேட்டேன். சல்லாவில் மரவீடு வாடகைக்கு விடுகிறவர், "இங்க அக்டோபர்லயே விழுந்தாச்சும்மா, மே மாசம் வரைக்கும் போகச் சொன்னாலும் போகாது, திரும்புறப்ப ஒரு வாளி அள்ளிட்டுப் போங்க" என்று சிரித்தார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பே வருகிறோம் என்று பேசிவிட்டேன்.

போன ஞாயிறு சர்ச்சில் ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது உன் ரைலி அத்தை, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம் அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற எத்தனை மணிக்குப் போகலாம் என்று கேட்டாள். நாங்கள் சல்லாவில் இருப்போம் என்றேன். அவ்வளவுதான். "ஏண்டி சிர்க்கா, ஊர்க் கல்லறையெல்லாம் வெளிச்சமா இருக்கும், என் தம்பி மட்டும் முதல் வருஷமே இருட்டுல கிடக்கணுமா? இந்த வயசுல சறுக்கி விளையாடவா போறே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். மறந்துட்டேன் அண்ணி என்றேன். உடனே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துக்கத்துல எதுதான் ஞாபகம் இருக்கும், நானே ஏத்துறேன் போ என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். திட்டியதைவிட அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் மறக்கவில்லை, மிர்வா. நீ பனி என்று சொன்னதும், அப்பாடா, அன்றைக்கு அங்கே போய் நிற்க வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. மே மாதம் அவரை அடக்கம் செய்த பிறகு நான் கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே போனதே இல்லை. பூ வாங்குவேன், கேட் வரைக்கும் போவேன், பூவோடு திரும்பிவிடுவேன். அத்தனை பூவும் நம் சமையலறையில்தான் வாடியது. நீ போனில் கேட்கும்போதெல்லாம் போய்விட்டு வந்தேன் என்று கூசாமல் சொன்னேன். இப்போது எழுதக் கை கூசுகிறது.

நேற்று சல்லாக்காரரிடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வருகிறோம் என்று மாற்றிச் சொன்னேன், பனி எங்கயும் ஓடிடாது வாங்க என்றார். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம் மழை கொட்டினாலும் சரி, நீ என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போ. ரைலியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. மாப்பிள்ளைக்குக் கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறேன், அளவு தெரியாமல் அப்பா காலுக்கே பின்னிவிட்டேன். தடிமனான கோட்டு இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள். ஆண்டவர் உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வெட்கத்தோடு,
உன் அம்மா சிர்க்கா

இத்தனை மாதமாக நான் கேட் வரைக்கும் வந்து திரும்பியது அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா, கண்ணு?