ஆறு பேர் என்று சொன்னேன்

செப்டம்பர் 3
ஆட்களை அக்கரை சேர்க்கும் என் படகு பாறையில் இடித்ததில் புரொப்பல்லரின் ஓர் இதழ் மடங்கிவிட்டது. புதிது வாங்கப் போனேன். மோட்டார் கடை அக்கா எடுத்த எடுப்பில் கேட்டார்: "படகுல எத்தனை பேர் ஏறுவாங்க?" ஆறு என்றேன். பெர்மிட்டில் ஆறுதான். ஏற்றுவது பத்து. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆறு பேர் கணக்குக்குப் பதினேழு இன்ச் பிட்ச் உள்ள புரொப்பல்லரை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் படகு அதிக தூரம் பாயுமாம். "சுமை கூடினா மோட்டார் திணறும், பாத்துக்கோ." தலையாட்டினேன்.

செப்டம்பர் 4
தனியாக ஓட்டிப் பார்த்தேன். பறக்கிறது!

செப்டம்பர் 7
பத்துப் பேரோடு முகத்துவாரத்தில் நுழைந்தேன். எதிர் நீரோட்டத்தில் படகு அப்படியே நின்றுவிட்டது. முழு வேகம் கொடுத்தும் மோட்டாரின் நிமிடச் சுற்றைக் காட்டும் முள் மூவாயிரத்தைத் தாண்டவில்லை. ஐயாயிரத்துக்கு மேல் போக வேண்டிய முள்! அலை விலாவில் அறைந்தது. படகில் இருந்த எங்கள் ஊர் டீச்சர் கேட்டார், "ஏன் நின்னுட்டோம்?" பாசி சிக்கிவிட்டது என்றேன். ஓரமாக ஊர்ந்து ஊர்ந்து கரை சேர்ந்தேன். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே.

செப்டம்பர் 9
தங்கை வந்திருந்தாள். நிறைமாதம். ஆஸ்பத்திரி அக்கரையில். "வலி வந்தா உன் படகுலதான் போவேன். அண்ணன் இருக்கையில எனக்கென்ன பயம்?" என்றாள். சிரித்து வைத்தேன். அவளோடு வீடே ஏறுமே, முகத்துவாரத்தில் நின்றுவிட்டால்? ஐயோ, கடை அக்காவிடம் எந்த வாயால் சொல்வேன்? பெர்மிட் போனால் பிழைப்பு போச்சு. சொல்லாவிட்டால்— எழுதவே பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 10
கடை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். கோழைப் பயல்.

செப்டம்பர் 11
சொல்லிவிட்டேன். அக்கா ஸ்பானரைக் கீழே வைத்தார். "எங்கிட்ட எதுக்குடா பொய்? நான் என்ன போலீஸா? நீ சுமையைத் தப்பாச் சொன்னா நான் தப்பான சாமானைத்தானே குடுப்பேன்!"

இனிமேல் ஆறு பேர்தான் என்று சத்தியம் செய்தேன். "உன் ஆறை நம்பி நான் மறுபடியும் பதினேழு குடுக்கவா? நல்லாயிருக்கே!" என்று சுமை இழுக்கும் பதிமூன்று இன்ச்சை நீட்டினார். "ஆளை ஏத்தாம மணல் மூட்டையை ஏத்திப் பாரு. பத்துப் பேர் எடை. முள் எவ்வளவு வருதுன்னு வந்து சொல்லு."

செப்டம்பர் 12
முப்பது மூட்டை. முகத்துவாரத்தில் முள் 5,200 காட்டியது. வேகம் குறைவுதான், போகட்டும். மூட்டைகளை இறக்கியபின் கரையில் உட்கார்ந்து அழுதேன்.

செப்டம்பர் 19
மாலை நான்கு மணிக்கு வலி கண்டது. துறையில் எட்டுப் பேர் படகில் ஏறிவிட்டார்கள். என்னோடு சேர்த்து ஆறு பேர்தான், மற்றவர்கள் அடுத்த படகில் வாருங்கள் என்றேன். தங்கையின் மாமியார் கத்தினார். "இவன் என்னடா, பெத்தவங்களை விட்டுட்டுப் போறான்!" நான் கயிற்றை அவிழ்க்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மூன்று பேர் இறங்கினார்கள்.

முகத்துவாரம் வந்தது. பதிமூன்று இன்ச் என்று தெரிந்தும் எனக்கு உயிரே இல்லை. தங்கை பின்னாலிருந்து என் சட்டையை இறுகப் பிடித்தாள்.

"அன்னைக்கு மாதிரி நின்னுடாதண்ணா."

டீச்சர் சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் ஒன்பதாம் தேதியே இவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். தெரிந்துதான் ஏறியும் இருக்கிறாள்.

நிற்கவில்லை.

செப்டம்பர் 20
பெண் குழந்தை. நாளை திரும்பும்போது அவளையும் ஓர் ஆளாக எண்ண வேண்டும்.