பெருவிரல் பள்ளம்

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்க, கைவினைக் கடைகள் இருக்கும் ஓவியர் தெருவுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு குயவர் பெண், வாங்குபவரின் பெருவிரலை ஈரக் களிமண்ணில் அழுத்தவைத்து, அந்தப் பள்ளத்தோடே கோப்பை செய்கிறாள். சுட்டு வைத்திருந்த ஒரு ஜோடிக் கோப்பைகளில் பெரியதில் உங்கள் விரல் பதிந்திருந்தது. ரம்பம் பட்டு, நான் ஒரு மாதம் கட்டுப்போட்ட காயத்தின் தழும்பு எனக்குத் தெரியாதா? சின்னதில் என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.

"அதைத் தொடாதீங்கக்கா. ஜோடியா வந்து விரல் வெச்சுட்டுப் போனாங்க. கண்ணு பட்டுடும்."

"பெருசு என் வீட்டுக்காரரோடது," என்றேன்.

அவள் சின்னதைப் பார்த்தாள். "அப்போ இது?"

"அவரே வந்து சொல்லுவாரு."

உங்கள் பரிசு, அந்தப் பெரிய கோப்பை, மேசைமேல் இருக்கிறது. சின்னதை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். கடை ஆறு மணிவரை திறந்திருக்குமாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி