வேன் கதவில் ஓடிய கரண்ட்

கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பீர்கள் என்றே இன்னமும் நினைக்கிற என் அண்ணாவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். போன வாரம் உங்கள் மகள் தரணியைக் கரண்டுக்குப் பறிகொடுக்கப் பார்த்தேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, பதறாதீர்கள். எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை.

எலிக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் ஏழு மாதமாகிறது. வேனை விற்றுவிடலாம் என்று அண்ணி சொன்னார். நான்தான் விடவில்லை. தோட்டத்து லொறி ஓட்டிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பழைய வேனுக்குள் கட்டில் அடித்து, அடுப்பு வைத்து, ஊர் சுற்ற வருகிறவர்கள் சமைத்துத் தூங்குகிற சின்ன வீடாக மாற்றினீர்களே, அதை எப்படிக் கொடுப்பது? "லைசன் என்கிட்ட இருக்கு அண்ணி, நான் ஓட்டுறேன்" என்றேன். ஓட்டுவது மட்டும்தான் வேலை என்று நினைத்துவிட்டேன்.

வேன் சுவரில் பிளக் செருகுவதற்கு இருந்த உருண்டைக் கால் பிளக் பேஸ்களைக் கழற்றி எறிந்துவிட்டு, சதுரக் கால் பிளக் பேஸ் மூன்று போட்டீர்கள். "இனிமே கேத்தலும் போடலாம், ரைஸ் குக்கரும் போடலாம்" என்று எவ்வளவு சந்தோசப்பட்டீர்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால், அடுப்புப் பக்கத்து பிளக் பேஸின் ஓரம் பழுப்பேறியிருப்பதைப் பார்த்தேன். தண்ணீர் கொதிக்க வைக்கக் கேத்தல் போட்டால் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. தொட்டேன், சுட்டது. என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பிஸ்கட் டின்னை அதன் முன்னால் நகர்த்தி மறைத்தேன். மறுநாள் ஆட்கள் வருவதாக இருந்தது. கழற்றிப் பார்க்கப் பயம். கழற்றினால் நீங்கள் செய்த வேலையில் குறை தெரிந்துவிடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

போன வாரம் கொழும்பிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். நிவித்திகலப் பக்கம் ஒரு பழைய தோட்டத்துப் பங்களா வாசலில் வேனை நிறுத்தினேன். பள்ளிக்கூட லீவு என்பதால் தரணியையும் கூட்டிப் போயிருந்தேன். பங்களா விராந்தையில் இருந்த பிளக்கிலிருந்து நீள வயர் இழுத்து வேனுக்குக் கரண்ட் கொடுத்தேன். மத்தியானம் நல்ல மழை. வந்தவர்கள் பங்களாவுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய குடையை எடுத்துவர நான் வேனுக்குப் போனேன்.

செருப்பு ஊறிப்போயிருந்தது. கதவுப் பிடியில் கை வைத்தேன். தோள்வரைக்கும் யாரோ இரும்பு அலவாங்குக் கம்பியால் அடித்த மாதிரி இருந்தது. கை தானாக உதறிக்கொண்டது. வேனை ஒட்டியே சேற்றில் மல்லாந்து விழுந்தேன்.

"அத்த, வழுக்கிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே தரணி விராந்தையிலிருந்து வெறுங்காலோடு ஓடிவந்தாள்.

என்னைத் தூக்க வருகிறவள் எங்கே கை ஊன்றுவாள் அண்ணா? வேனில்தான். கத்துவதற்கு வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவள் கை வேன் பக்கம் நீண்டுவிட்டது. கைக்குக் கிடைத்த சேற்றை அள்ளி அவள் முகத்தில் எறிந்தேன். வேறொன்றும் தோன்றவில்லை. பிள்ளை திகைத்து நின்றாள். பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

"கிட்ட வராத. வேனத் தொடாத. உள்ளுக்குப் போ."

அழுதுகொண்டே போனாள். நான் தவழ்ந்து நகர்ந்து, விராந்தையில் கிடந்த காய்ந்த விறகுத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, அதைக் கொண்டு சுவர் சுவிட்சைத் தட்டி அணைத்தேன். வந்தவர்களைப் பங்களா அறைக்கே மாற்றிவிட்டேன். அன்றைக்கெல்லாம் தரணி என் பக்கத்தில் வரவில்லை. நானும் எந்தச் சுவிட்சையும் தொடவில்லை.

மறுநாள் கஹவத்தைக்கு ஓட்டி வந்து சோமபால பாஸிடம் காட்டினேன். வயர் வேலைக்கு டவுனில் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். உள்பலகையைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு சிங்களத்தில், தங்கச்சி என்று கூப்பிட்டுக் கேட்டார்: "நங்கி, இது யார் செய்த வேலை?"

"வாங்கும்போதே இப்படித்தான் பாஸ்" என்றேன். உங்களுக்காகப் பொய் சொன்னேன்.

பிளக் பேஸ் மட்டும்தான் புதுசாம். பின்னால் இருந்தது பல்புக்குப் போடுகிற பழைய மெல்லிய வயர். கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்குகிற ஏர்த் வயரே இல்லை. ஒரு வயர் பலகைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் நசுங்கி, தோட்டத்து ரோட்டுக் குலுக்கலில் தேய்ந்து தேய்ந்து தோல் உரிந்து, வேன் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏற்றியிருக்கிறது. "எரியாமல் இருந்ததே பெரிய விசயம்" என்றார் பாஸ்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"உங்க அண்ணனுக்கும் ஒருக்கா அடிச்சிச்சு சாந்தி. மழ விட்டதும் எல்லாத்தையும் கழட்டி மாத்தணும்னு சொன்னாரு. அடுத்த கெழமையே காய்ச்சல்ல படுத்துட்டாரு. அப்புறம் அது என் நெனப்புலயே இல்ல. அந்த வேனப் பாத்தா ஒரு பயம் மட்டும் வரும். எதுக்குன்னு எனக்கே புரியல."

தெரிந்துகொண்டா அண்ணா அதில் ஆட்களை ஏற்றினீர்கள்? தரணி அந்தக் கட்டிலில்தானே படுத்துப் படம் கீறுவாள்? மழை விடுவதற்கு ஏன் காத்திருந்தீர்கள்? உங்கள்மேல் கோபப்படப் பார்க்கிறேன். பிஸ்கட் டின் ஞாபகத்துக்கு வருகிறது.

இரண்டு நாள் பாஸின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். தடித்த வயரைக் குழாய்க்குள் விட்டு இழுத்தார். இரும்பைத் தாண்டுகிற ஓட்டைகளுக்கெல்லாம் ரப்பர் வளையம் போட்டார். வேன் உடம்பின் பெயின்டைச் சுரண்டிவிட்டு ஏர்த் வயரைத் திருகாணியோடு இறுக்கினார். கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற ட்ரிப் சுவிட்சைக் கதவருகே வைத்தார். கடைசி பிளக் பேஸை என்னிடம் நீட்டினார்.

"கரண்ட் எங்கேயும் இல்லை நங்கி. பிடியுங்கள்."

இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கை முன்னால் போகவில்லை. அவர் சிரிக்காமல் காத்திருந்தார். பீடி ஒன்றைக் குடித்து முடித்தார். அதற்குப் பிறகுதான் வாங்கி, நானே திருகாணியை முறுக்கினேன்.

"உங்கள் வேன் சரியாக இருந்தால் மட்டும் போதாது, கரண்ட் எடுக்கிற இடத்திலும் ஏர்த் இருக்க வேண்டும்" என்று சொல்லி, அதைப் பார்ப்பதற்கு, பிளக் பேஸில் செருகினால் மூன்று லைட் எரிகிற ஒரு சின்ன டெஸ்டர் வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கிவிட்டேன்.

நேற்று தரணி வந்து மெதுவாகக் கேட்டாள்: "அத்த, அப்பா செஞ்சது பிழையா?" அண்ணியும் நானும் பேசியதைக் கேட்டிருக்கிறாள். "பாஸ்கிட்டத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இது இரண்டாவது பொய்.

இனிமேல் சொல்லமாட்டேன் அண்ணா. நாளைக்கே போய், அது எங்கள் அண்ணா செய்த வேலை என்று பாஸிடம் சொல்வேன். தரணியிடமும் சொல்வேன்: உங்க அப்பா ஒரு பிழை விட்டார், திருத்த நினைத்தார், நாள் கிடைக்கவில்லை, நான் பார்த்தும் பேசாமல் இருந்தேன். ஏர்த் இல்லாத இடத்தில் கரண்ட் எடுக்கமாட்டேன், வந்தவர்கள் முகம் சுளித்தாலும் சரி. முதலில் அந்த இடத்துப் பிளக் பேஸில் டெஸ்டர், பிறகு வேன் கதவில் என் கை. பிள்ளை கடைசியில்தான். ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டுதான் தொடுவேன். ஆனால் தொடுவேன், இது சத்தியம்.

உங்கள் மகளுக்கு இன்னும் அத்தையாக இருக்கிற,
உங்கள் தங்கச்சி
சாந்தி